பார்த்துப் போடுங்க மாமி

ஸ்க்ரூ பிடித்ததா இல்லையா என்பது கைக்குத் தெரிந்துவிடும். கடைசிச் சுற்று வரும்போது மணிக்கட்டில் ஓர் எதிர்ப்பு ஏறும், முடுக்கும் மிஷின் கையையே லேசாகத் திருப்பப் பார்க்கும். அது வந்தால் பிடித்துவிட்டது. வராமல் சும்மா சுற்றிக்கொண்டே இருந்தால் உள்ளே பலகை செத்துப்போயிருக்கிறது என்று அர்த்தம். இருபது வருஷத்துக்கு மேல் இந்த வேலையில் இருக்கிறேன். இந்த ஒரு விஷயத்தில் என் கை என்னை ஏமாற்றியதே இல்லை. ஸ்ரீரங்கத்து ஃப்ளாட் ஒன்றில் நான் இரண்டாவது தடவை முடுக்கிய கொக்கி பிடிக்கவில்லை என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் கதவைச் சாத்திக்கொண்டு வந்தேன். இதை என் மனைவியிடம்கூட முழுசாகச் சொன்னதில்லை.

எனக்கு வீடு பாலக்கரையில். எட்டு வருஷம் ரியாத்தில் அலமாரி மாட்டிக்கொண்டிருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி, டவுனில் ஒரு மாடுலர் கிச்சன் கடையில் ஃபிட்டராகச் சேர்ந்தேன். பெட்டிகளுக்கான பலகைகள் வெளியூர் ஃபேக்டரியிலிருந்து அளவாக வெட்டி வரும். நான் கோத்துச் சுவரில் மாட்டவேண்டும். முக்கால்வாசி பார்ட்டிகிள் போர்டுதான். மரச்சில்லையும் பசையையும் கலந்து அழுத்திச் செய்த பலகை, மேலே வழவழப்பாகக் காகிதம் ஒட்டியிருக்கும். வாங்குகிறவர்கள் அதையும் ப்ளைவுட் என்றுதான் சொல்வார்கள். கடையில் யாரும் திருத்தமாட்டோம். நானும் திருத்தியதில்லை.

ரியாத்தில் இந்தப் பலகை நன்றாகவே உழைத்தது. அங்கே காற்றே காய்ந்து கிடக்கும், ஈரத்துணி பிழிந்து போட்டு டீ குடித்து வருவதற்குள் மொடமொடவென்று ஆகிவிடும். ஸ்ரீரங்கம் அப்படியில்லை. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். ஐப்பசி மழையில் சுவரைத் தொட்டால் விரல் நனையும். அங்கே பார்ட்டிகிள் போர்டைத் தண்ணீர் படும் இடத்தில் வைக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். தண்ணீர் படாத இடம் என்று நம்பித்தான் அந்த ஃப்ளாட்டின் லாஃப்ட் பெட்டியை அதில் மாட்டினேன்.

அந்த ஃப்ளாட்டுக்கார மாமிக்கு அறுபதை ஒட்டிய வயது. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் கிடையாது. அம்மா மண்டபம் பக்கம் இரண்டாவது மாடியில் சொந்த ஃப்ளாட். பெற்ற பிள்ளைகளை அமெரிக்காவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் அனுப்பிவிட்டு ஸ்ரீரங்கத்தில் தனியாக உட்கார்ந்திருக்கும் வயதானவர்கள் வீடு பதினொன்றுக்கு மாமிதான் சாப்பாடு. காலை எட்டு மணிக்குள் பதினொரு கேரியரும் ஆட்டோவில் ஏறியாக வேண்டும். கிச்சன் மாட்டப் போன முதல் நாள், அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது பெங்களூரிலிருந்து அவருடைய தம்பி ஃபோனில் பேசினார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு மாமி காய் நறுக்கிக்கொண்டிருந்ததால் எனக்கும் கேட்டது. தனியாக இருக்க வேண்டாம், வீட்டை விற்றுவிட்டு என்னோடு வந்துவிடு என்றார் தம்பி.

"இந்தக் கை இருக்கற வரைக்கும் எங்கேயும் வரதா இல்லைடா," என்றார் மாமி. பேசி முடித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "அவாத்துல நான் கூடத்து மூலையில உக்காந்துண்டு டிவி பாக்கணும் பாய். நன்னா இருக்குமா சொல்லுங்கோ." நான் அளவைக் குறித்துக்கொண்டே சிரித்தேன்.

கடையில் எனக்குக் கொடுத்த வேலைத்தாளில் கடைசி வரியாக, இங்கிலீஷ் எழுத்தில் தமிழை எழுதும் அந்தப் பாழாய்ப்போன பழக்கத்தில், மடி துணி கம்பி என்று இருந்தது. இடம், லாஃப்ட் அடிப்பக்கம். எங்கள் வீட்டில் மடி துணி என்றால் மடித்து வைத்த துணி. இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த துணியைத் தொங்கவிடக் கம்பி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். மடி ஆச்சாரம் என்ற பேச்சு எனக்குத் தெரியாததில்லை. ஸ்ரீரங்கத்துக்கு எதிர்க்கரையில் பிறந்தவனுக்கு அதைக் கேட்காமல் காது வளருமா? ஆனால் அந்த எழுத்தில் படித்தபோது அது தோன்றவே இல்லை. மாமியிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அன்றைக்குக் காட்டூரில் இன்னொரு வேலை காத்திருந்தது, கேட்கவில்லை.

சமையலறைக்கும் பின்பக்க வாஷிங் இடத்துக்கும் நடுவே ஒரு நடை. அதற்கு மேலே சுவருக்குச் சுவர் லாஃப்ட் பெட்டி. அதன் அடிப்பலகையில் இரண்டு கொக்கி, கொக்கிக்கு நான்கு சின்ன ஸ்க்ரூ, நடுவே எஃகுக் குழாய். குழாய்க்கும் பலகைக்கும் இடையில் மூன்று விரல் இடைவெளி. காய்ந்த துணிக்கு அது போதும். கிளம்பும்போது மாமி அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்ல உயரம் பாய். யார் கையும் படாது," என்றார். மடித்த துணியில் கை பட்டால் என்ன என்று வண்டியை எடுக்கும்போது ஒரு நொடி நினைத்தேன். பாலம் ஏறுவதற்குள் மறந்துவிட்டது.

எட்டு மாதம் கழித்து, கம்பி ஒரு பக்கம் தொங்குகிறது என்று கடைக்கு ஃபோன் வந்தது. மேனேஜர் என்னை அனுப்பினார்.

போனபோது காலை பத்து மணி இருக்கும். கேரியர்கள் போய்விட்டிருந்தன. நடையில் கம்பிக்கு நேர் கீழே ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். கம்பியில் அரக்கு நிறத்தில் ஒன்பது கஜம் புடவை ஈரத்தோடு நாலு மடிப்பாகக் கிடந்தது. அதன் மேல்மடிப்பு பலகையில் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்ன மாமி, ஈரத்தோடயே போடுறீங்க?" என்றேன்.

"மடின்னா பின்னே?" என்றார் அவர், குழந்தைக்குச் சொல்வது போல. "காத்தால தோய்ச்சுக் கோலால ஒசத்திப் போட்டுட்டா, மறுநாள் நான் குளிச்சுட்டு எடுக்கற வரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது. பிழிஞ்சா சுருக்கம் விழறது, அதனால பிழியறதும் இல்லை. அதைக் கட்டிண்டுதான் தளிகையே." சமையலைத் தளிகை என்றுதான் சொல்வார். பக்கத்தில் சாத்தியிருந்த மூங்கில் கோலை எடுத்து, துணியை எப்படித் தூக்கிப் போட்டு மேலே தள்ளுவார் என்று காட்டினார். ஒவ்வொரு தள்ளுக்கும் ஈரத்துணி பலகையில் போய் அறைந்தது.

எட்டு மாதம், தினம் ஒரு தடவை. பிழியாத ஒன்பது கஜத்தின் கனம் என்னவென்று தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஸ்டூல் மேல் ஏறிப் பார்த்தேன். இந்தப் பலகையின் மேல்காகிதத்தில் தண்ணீர் இறங்காது, ஆனால் ஸ்க்ரூ போட்ட துளைக்குக் காகிதம் இல்லை. ஈரம் அந்த வழியாகத்தான் உள்ளே போகும். போனால் சில்லு உப்பும். சாயங்காலம் காய்ந்தால் உப்பியது பழையபடி அமுங்காது, பசை மட்டும் விட்டுப்போகும். மறுநாள் மறுபடி ஈரம், மறுபடி காய்ச்சல். இப்படித் தினமும் நடந்தால், ஸ்க்ரூ எதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறதோ அதுவே இல்லாமல் போகும். கொக்கியைச் சுற்றிப் பலகை கட்டி மாதிரி வீங்கியிருந்தது. ஸ்க்ரூவை விரலாலேயே உருவினேன். துருவோடும் ஈரத்தூளோடும் வந்தது. துளைக்குள் சுண்டுவிரலை விட்டுப் பார்த்தால், டீயில் நனைத்த ரஸ்க் மாதிரி இருந்தது.

கொக்கியோடு போயிருந்தால் பரவாயில்லை. அடிப்பலகை பக்கப்பலகைகளோடு சேரும் ஓரத்தையும் தட்டிப் பார்த்தேன். அங்கேயும் வீக்கம். ஓரத்து ஸ்க்ரூக்களில் இரண்டு சும்மா சுற்றின. அந்தப் பலகைக்கு மேலே மாமியின் வெண்கலப் பானைகள், உருளிகள் எல்லாம் இருந்தன.

என்ன செய்யவேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பாத்திரங்களை இறக்கவேண்டும். அந்தப் பலகையைத் தூக்கிப்போட்டுவிட்டு நல்ல வாட்டர்ப்ரூஃப் ப்ளைவுட் போடவேண்டும். கம்பியைப் பெட்டியிலிருந்து பிரித்துச் சீலிங் கான்கிரீட்டில் தனியாக அடிக்கவேண்டும். வெளியே வராந்தாவுக்கு வந்து மேனேஜருக்கு ஃபோன் போட்டேன்.

"ஈரம் பட்டா வாரன்டி கிடையாது பாய், அது தெரியும்ல?" என்றார்.

"சார், ஈரத்துணி போடுற கம்பின்னு நமக்குச் சொல்லலை. நாமதான் தப்பா மாட்டியிருக்கோம்."

"அதெல்லாம் அந்தம்மாகிட்ட பேசிட்டு நிக்காதீங்க. இப்போதைக்கு எதையாவது வச்சு இறுக்கிட்டு வாங்க. பலகை வரட்டும், அப்புறம் பார்க்கலாம்."

அவரைக் குறை சொல்லி நான் தப்பித்துக்கொள்ளப் பார்க்கவில்லை. அவர் சொன்னது இறுக்கிவிட்டு வா என்பதுதான். சொல்லாதே என்று என் வாயை யாரும் பொத்தவில்லை.

இறுக்குவதற்கு எங்களிடம் ஒரு வழி உண்டு, எல்லா ஃபிட்டருக்கும் தெரியும். தளர்ந்த துளைக்குள் நாலைந்து தீக்குச்சியைப் பசையில் தோய்த்துச் செருகி, ஒடித்துவிட்டு, கொஞ்சம் நீள ஸ்க்ரூவாகப் போட்டு முடுக்குவது. காய்ந்த மரத்தில் அது வருஷக்கணக்கில் நிற்கும். ஈரம் தின்ற பார்ட்டிகிள் போர்டில் அது வெறும் வேஷம். மாமியிடம் தீப்பெட்டி கேட்டேன். பெருமாள் படத்துக்கு முன்னாலிருந்து எடுத்து, என் கையில் படாமல் ஸ்டூலின் மேல் வைத்தார். குச்சிகளைச் செருகி முடுக்கினேன். மிஷின் ஒரு கணம் பிடிப்பது போலக் காட்டிவிட்டு, வழுக்கிக்கொண்டு போனது. மணிக்கட்டில் ஒன்றும் ஏறவில்லை. ஓரத்து ஸ்க்ரூக்களுக்கும் அதையே செய்தேன். வழிந்த பசையைத் துடைத்துவிட்டு இறங்கினேன். கீழேயிருந்து பார்க்க எல்லாம் புதிது போல இருந்தது.

"ஆயிடுத்தா பாய்?" என்றார் மாமி. "இனிமே பழையபடி துணி போடலாமோன்னோ?"

போடாதீங்க மாமி. இந்த இரண்டு வார்த்தை போதும். அதைச் சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொன்னால் நான் மாட்டியதே தப்பு என்று வரும். தாராளமாகப் போடுங்க என்று பச்சையாகப் பொய் சொல்லவும் நாக்கு எழவில்லை. அதனால் நம் ஊரில் எல்லோரும் எல்லாவற்றுக்கும் சொல்கிற ஒன்றைச் சொன்னேன்.

"பார்த்துப் போடுங்க மாமி."

"பாத்துதான் போடறேன்," என்றவர், ஒரு பெரிய டம்ளர் நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தார். பெருங்காயம் தூக்கலாக இருந்தது. நின்றபடியே குடித்துவிட்டு வந்தேன்.

ஒரு வாரம் பலகையைப் பற்றி மேனேஜரிடம் கேட்டேன். ஃபேக்டரியில் சொல்லியிருக்கிறேன் என்றார். அப்புறம் கேட்கவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை, மாமி குளித்துவிட்டு வந்து துணியைக் கோலால் தள்ளியபோது, கம்பி, அடிப்பலகை, வெண்கலம் எல்லாம் சேர்ந்து அவர் மேல் இறங்கியது. எதிர் ஃப்ளாட்டுக்காரர்கள்தான் சத்தம் கேட்டு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது தோள் எலும்பு மூன்றாக உடைந்திருந்தது.

மேனேஜரும் நானும் முதலில் ஃப்ளாட்டுக்குத்தான் போனோம். யாரும் ஃபோட்டோ எடுப்பதற்கு முன்னால் உடைந்த பலகையை வேனில் ஏற்றிவிடச் சொன்னார். ஏற்றினேன். நடையில் உருளி கவிழ்ந்து கிடந்தது. அடுப்பு மேடையில் பதினொரு கேரியரும் கழுவிக் கவிழ்த்தபடி இருந்தன. அன்றைக்கு அவை எங்கேயும் போகவில்லை.

ஆஸ்பத்திரியில் பெங்களூர்த் தம்பி வந்துவிட்டிருந்தார். மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு, "மேலே பாத்திர வெயிட் ஜாஸ்தி ஆயிடுச்சு போல சார்," என்று ஆரம்பித்தார். மாமி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அவ்வளவுதான், இப்போது கேட்டுவிடுவார் என்று நினைத்தேன். அந்த நிமிஷம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். உண்மையா என்று தெரியாது.

"அவாளை ஒண்ணும் சொல்லாதேடா," என்றார் தம்பியிடம். "பாய் அன்னிக்கே சொன்னார், பாத்துப் போடுங்கோன்னு. நான்தான் பாக்காம தள்ளியிருக்கேன்."

"கேட்டியா?" என்றார் தம்பி. "இதுக்குத்தான் தனியா இருக்க வேண்டாம்னு தலையால அடிச்சுண்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். வேலை போய்விடுமே என்ற பயம் என்று சொல்லிக்கொள்ளலாம். அது பாதிதான். மீதிப் பாதியைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அந்த அறையில் என்னை ஒரு பொறுப்பான மனுஷனாக வைத்து அவர் பேசியது எனக்கு ஆறுதலாக இருந்தது. எலும்பை முறித்தவனுக்கு ஆறுதல் கேட்கிறது பாருங்கள்.

அப்புறம் இரண்டு தடவை பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போனேன். தோளில் தகடு வைத்து ஸ்க்ரூ போட்டிருந்தார்கள். எக்ஸ்ரேயை மாமியே எடுத்துக் காட்டினார். வெள்ளையாக வரிசையாகத் தெரிந்த ஸ்க்ரூக்களை எண்ணாமல் இருக்க என்னால் முடியவில்லை. ஏழு. "எலும்பு மெத்துனு ஆயிடுத்தாம் பாய், ஸ்க்ரூ சரியாப் பிடிக்கலைங்கறார் டாக்டர்," என்றார். கையை இடுப்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. பதினொரு வீட்டில் எட்டு வீடு வேறு இடத்துக்குப் போய்விட்டன. மூன்று வீட்டுக்காரர்கள் மட்டும் மாமி வரும்வரை கஞ்சி வைத்துக் குடிக்கிறோம் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகம் மலர்ந்தது. அன்றைக்குச் சொல்லியிருக்கவேண்டும். மத்தியான ளுஹர் தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து வந்தேன். தொழுகையில் என்ன ஓதினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

அப்படியே நாலு மாதம் ஓடியது. போன மாதம் கடையில் ஒரு புது வேலைத்தாளை நீட்டினார்கள். அம்மா மண்டபம் பக்கம் ஒரு ஃப்ளாட்டுக்குப் புதிதாகக் கிச்சன், அளவு எடுக்கவேண்டும். விலாசம் மாமியுடையது. ஃப்ளாட்டை வாங்கியவர்கள் பழைய பெட்டிகளையெல்லாம் கழற்றிவிட்டுப் புதிதாகச் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

கதவு திறந்தே இருந்தது. கூடம் முழுக்க அட்டைப்பெட்டிகள். மாமி ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையால் டம்ளர்களைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தார். வலது கை மடியில் கிடந்தது. "வாங்கோ பாய். உங்களைத்தான் அனுப்பினாளா? நல்லதாப் போச்சு, போறத்துக்கு முன்னாடி பாத்துட்டேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை தம்பி கார் கொண்டுவருகிறாராம்.

டேப்பைக் கையில் எடுத்தேன், இழுக்க முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். வேலைத்தாளைத் தப்பாகப் படித்தது, பலகை ஊறிக் கிடந்தது, ஸ்க்ரூ விரலோடு வந்தது, மேனேஜருக்கு ஃபோன் செய்தது, தீக்குச்சி செருகியது, மிஷின் பிடிக்காமல் சுற்றியது. "நீங்க எவ்வளவு பார்த்துப் போட்டிருந்தாலும் அது விழுந்திருக்கும் மாமி. அன்னிக்கு இல்லேன்னா மறுநாள். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் அப்படிச் சொன்னேன்."

மாமி சுற்றிக்கொண்டிருந்த டம்ளரைக் கீழே வைத்தார். கோபித்துக்கொள்வார், போடா வெளியே என்பார் என்று காத்திருந்தேன். அதற்குத்தான் போயிருந்தேன் என்றும் சொல்லலாம். ஆட்டோ ஒன்று கீழே வந்து நின்று, ஹார்ன் அடித்துவிட்டுப் போனது.

"அப்போ எனக்கு ஒண்ணும் ஆகலையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"கை உடைஞ்சதுக்கு நான் கிளம்பலை பாய். ஒத்தைக் கையோட அந்த மூணு ஆத்துக்காவது தளிகை பண்ணிண்டு இங்கேயே கிடந்திருப்பேன். பாத்துப் போடுன்னு ஒருத்தர் சொல்லியும் எனக்குப் பாக்கத் தெரியலையேன்னு ஆயிடுத்து. நிதானம் போயிடுத்து, நாளைக்குக் கேஸை மூடாம விட்டு இந்தக் கட்டடத்தையே கொளுத்திடுவேன்னு தம்பி சொன்னான். நானும் நம்பினேன். ராத்திரி பகல் அதையே நினைச்சுண்டு நம்பினேன். அதனாலதான் கையெழுத்துப் போட்டேன்."

"இப்ப நிறுத்த முடியாதா மாமி? நான் வந்து சொல்றேன். யாருகிட்ட வேணும்னாலும் வந்து சொல்றேன்."

"பத்திரம் பதிஞ்சு பத்து நாளாச்சு," என்றார்.

பத்து நாளைக்கு முன்னால் நான் அடுத்த தெருவில்தான், ஒரு வீட்டில் அலமாரிக்குக் கதவு மாட்டிக்கொண்டிருந்தேன்.